ஸ்பெயின்காரிக்கு இளம்பிள்ளையில் சீர்

ஸ்பெயின் நாட்டில் இருக்கும் பதிமூன்று வயதுப் பெண் ஒருத்திக்கு, போன ஆவணியில், சேலத்துக்குப் பக்கத்து இளம்பிள்ளையில் எங்கள் வீட்டுக் கூடத்தில் தெரட்டிச் சீர் நடந்தது. பெண் பெரியவளானால் எங்கள் பக்கம் செய்கிற சீருக்குத்தான் அந்தப் பெயர். தட்டு வரிசை இருந்தது, ஆரத்தி இருந்தது, உளுந்தங்களி இருந்தது. பெண் மட்டும் இல்லை. அவள் ஒரு நாவலுக்குள் இருந்தாள், அந்த நாவல் என் மடிக்கணினிக்குள் இருந்தது. இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும், நான் சாட்சி மட்டுமல்ல, மணையில் உட்கார்ந்ததே நான்தான்.

நான் நாமக்கல்காரி. அப்பாவுக்குக் கோழிப்பண்ணை. இன்ஜினியரிங் முடித்து பெங்களூரில் ஒரு கம்பெனியில் சேர்ந்தேன். அங்கே ஸ்பானிய மொழி பேசும் வாடிக்கையாளர்கள் அதிகம் என்பதால், ஒரு வாத்தியாரை வைத்துக் கம்பெனியே எங்களுக்குக் கற்றுக்கொடுத்தது. ‘உங்கள் புகார் பதிவு செய்யப்பட்டது, பொறுத்திருங்கள்’ என்று பணிவாகச் சொல்வதற்காகத்தான் ஒரு மொழியையே படித்தேன். ஆனால் எனக்கு எதையும் அளவோடு நிறுத்தத் தெரியாது. கதை படிக்க ஆரம்பித்தேன். கல்யாணமாகி இளம்பிள்ளைக்கு வந்து, கணவரின் விசைத்தறிச் சத்தத்துக்கு நடுவே வீட்டிலிருந்தே வேலை பார்க்கத் தொடங்கிய பிறகும் அந்தப் பைத்தியம் தெளியவில்லை.

அவர்கள் கதைகளில் பிள்ளைகள் பெரியவர்களாகும் விதம் எனக்கு முதலில் விசித்திரமாக இருந்தது. அநேகமாக ஒரு கோடை விடுமுறை இருக்கும். வீட்டில் பெரியவர்கள் ஏதோ ஒன்றைப் பேசாமல் மறைப்பார்கள். பழைய சண்டையோ, போரில் போன ஆளோ, ஏதோ ஒன்று. பிள்ளை அந்த மௌனத்தைச் சுற்றிச் சுற்றி வந்து, ஒருநாள் தானாகவே கண்டுபிடிக்கும். கண்டுபிடித்ததை யாரிடமும் சொல்லாது. சொல்லாமல் வைத்துக்கொள்ளத் தெரிந்துவிட்டால் பெரிய ஆள் ஆகிவிட்டதாகக் கணக்கு. நம் ஊரிலோ, ஒரு பெண் பெரியவளானால் முச்சந்தியில் ஃப்ளெக்ஸ் வைத்து, ஒலிபெருக்கி கட்டி, சங்ககிரி வரைக்கும் கேட்கும்படி சொல்லிவிடுகிறோம். இரண்டில் எது மேல் என்று அப்போது கேட்டிருந்தால், கொஞ்சமும் யோசிக்காமல் ஸ்பெயின்தான் என்று சொல்லியிருப்பேன்.

அப்படிப்பட்ட நாவல் ஒன்றைத் தமிழில் கொண்டுவர ஆசைப்பட்டு, சென்னையில் ஒரு சின்னப் பதிப்பகத்துக்கு எழுதினேன். சம்மதித்தார்கள். என் முதல் புத்தகம். நாமக்கல்லிலும் இளம்பிள்ளையிலும் ஒருவர் பாக்கியில்லாமல் தம்பட்டம் அடித்துவிட்டேன். முதல் மூன்று அத்தியாயங்களை அனுப்பிய பத்தாம் நாள் பதிப்பாசிரியர் அம்மா கூப்பிட்டார்.

“பிழையே இல்லைங்க. அதான் கவலையா இருக்கு” என்றார். “பாடநூல் படிச்ச மாதிரி இருக்கு. அந்தப் பொண்ணுக்கு மூச்சு வரல. ஐந்தாம் அத்தியாயம்தான் இந்தப் புத்தகத்தோட உயிர். அதை மட்டும் செஞ்சு அனுப்புங்க. அதுவும் இப்படியே இருந்தா, தப்பா நினைக்காதீங்க, வேற ஒருத்தர்கிட்ட கொடுத்துடலாம்.”

போனை வைத்துவிட்டு அடுப்பில் இருந்த பாலைப் பொங்க விட்டேன். அவர் சொன்னது உண்மை என்பதால்தான் கோபம் அதிகமாக வந்தது. ஆவணி முடிய ஒரு மாதத்துக்கு மேல் இருந்தது, அதற்குள் அனுப்பவேண்டும்.

எங்கள் கூடத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். என் கணவரின் அக்காவை நான் அண்ணி என்று கூப்பிடுவேன். அடுத்த தெருவில் குடியிருந்தாலும் பகலெல்லாம் எங்கள் வீட்டில்தான் இருப்பார். தறியிலிருந்து இறங்கும் சேலைகளுக்குக் குஞ்சம் கட்டும் வேலை அவர் பொறுப்பு. முந்தானை முனையில் ஒரு ஜாண் நூல் நெய்யப்படாமல் வெறுமனே தொங்கும். அதைப் பத்துப் பதினைந்து இழையாகச் சேர்த்து முறுக்கி முடிச்சுப் போட்டால்தான் சேலை சேலையாகும். தீபாவளி ஆர்டர் என்பதால் ஏழெட்டுப் பெண்கள் காலையிலிருந்து வட்டமாக உட்கார்ந்து கட்டிக்கொண்டிருந்தார்கள். பக்கத்து அறையில் நான். மொழிபெயர்க்கும்போது வாய்விட்டுப் படிப்பது என் வழக்கம்.

“ஏன் கண்ணு, உள்ள தனியா யாருகூடச் சண்டை போடற?” என்று அண்ணி ஒருநாள் கதவைத் திறந்து கேட்டார்.

சொன்னேன். பதிப்பாசிரியர் சொன்னதையும் மறைக்காமல் சொன்னேன்.

“மூச்சு வரலீன்னா வெளிய கொண்டாந்து காத்தாட வெய்யி. இங்க வந்து படி. கை வேலையில இருக்குது, காது சும்மாத்தான இருக்குது” என்றார்.

அன்று முதல் பதினொரு மணிக்கு என் கம்பெனிக் கூட்டம் முடிந்ததும், ஒரு மணி நேரம் கூடத்தில் வாசிப்பு. நாவலில் வரும் பெண் மேட்டுநிலத்தில், கோதுமைக் காடுகளுக்கு நடுவே ஒரு வறண்ட ஊரில் இருக்கிறாள். அம்மா சாராயமும் காப்பியும் விற்கும் கடை நடத்துகிறாள். அப்பா எங்கே என்று யாரும் சொல்வதில்லை. ஊரில் மழையில்லை, நிழலில்லை, பொழுது போக வழியில்லை என்று முதல் பக்கம் சொல்கிறது.

“அட, நம்ம நாமக்கல்லுதான்” என்றார் மூக்குத்தி அக்கா. அந்த வட்டத்தில் பெரிய குரல் அவருடையதுதான். ஏழு கல் மூக்குத்தி போட்டிருப்பதால் நான் மனதுக்குள் வைத்த பெயர் அது. எனக்கு ரோஷம் வந்தது. ஆனாலும், இந்த நாவலைப் பற்றி இதுவரை எவரும் சொல்லாத உருப்படியான விமரிசனம் அது.

முதல் தகராறு மூன்றாம் பக்கத்திலேயே வந்தது. குழந்தையும் இல்லாமல் பெரியவளும் இல்லாமல் இருக்கும் அந்த வயதை ஸ்பெயின்காரர்கள் ‘எதாத் தெல் பாவோ’ என்பார்கள். வான்கோழி வயது. பிள்ளைகள் கழுத்தை நீட்டிக்கொண்டு, எதற்கென்று தெரியாமல் சிலிர்த்துக்கொண்டு திரியும் என்பதால் அப்படியாம். அப்படியே எழுதினால் நம் ஆட்களுக்குக் கிறிஸ்துமஸ் விருந்துதான் ஞாபகம் வரும். நான் ‘வளரிளம் பருவம்’ என்று போட்டிருந்தேன்.

“அய்ய, வேண்டாமுங்க. அது அங்கன்வாடி போர்டுல இருக்குது. சத்து மாத்திரை வாசம் அடிக்குது” என்றார் ஓர் இளம்பெண். அவர் புதிதாகக் கல்யாணமானவர்.

‘பதின்பருவம்’ என்றேன். பத்திரிகைகளில் புழங்குகிற புதுச்சொல், எனக்குப் பிடித்த சொல் என்று பரிந்து பேசினேன். மூக்குத்தி அக்கா அதை இரண்டு தடவை வாயில் போட்டுப் பார்த்துவிட்டு, “ஆருங்க இப்புடிப் பேசறாங்க?” என்று கேட்டார். நாமக்கல்லில் எங்கள் கோழிப்பண்ணையில் குஞ்சு ஷெட், குரோவர் ஷெட், லேயர் ஷெட் என்று மூன்று உண்டு. குஞ்சும் இல்லாமல் முட்டையிடவும் ஆரம்பிக்காமல் நடுவில் நிற்கும் கோழிதான் குரோவர். “அப்படியானால் குரோவர் வயசு என்று எழுதட்டுமா?” என்று எரிச்சலில் கேட்டேன். அரைமணி நேரம் சிரித்தார்கள். குஞ்சம் பாதி கோணலாகப் போய், அண்ணி எல்லோரையும் அவிழ்த்துக் கட்டச் சொன்னார்.

சொல் எப்படிப் பிறக்கிறது என்று அந்தக் கூடத்தில்தான் எனக்குப் புரிந்தது. ஸ்பெயின்காரர்கள் பிறந்தநாளுக்கு ‘கும்ப்ளேஅன்யோஸ்’ என்பார்கள். ஆண்டுகளை நிறைப்பது என்று அர்த்தம். பிள்ளை திடீரென்று ஒரே மூச்சில் உயர்ந்துவிட்டால் ‘எஸ்தீரோன்’, அதாவது ஒரு பெரிய இழுப்பு. எந்தப் பண்டிதரும் குழு போட்டு உட்கார்ந்து செய்த சொற்கள் இல்லை இவை. இளம்பிள்ளையிலும் அதேதான். கைபேசியில் சேலையைக் காட்டி நேரலையில் விற்கிற பெண்ணை இங்கே ‘லைவ்காரி’ என்கிறார்கள். பூக்காரி, மோர்க்காரி வரிசையில் அவளும் கூச்சமில்லாமல் போய் நின்றுகொண்டாள். யார் முதலில் சொன்னது என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. எனக்குத்தான் அகராதியைப் பிடித்துத் தொங்கும் புத்தி.

ஒருநாள் சாயங்காலம் மூக்குத்தி அக்காவின் மகள் பள்ளியிலிருந்து நேராக எங்கள் வீட்டுக்கு வந்தாள். எட்டாம் வகுப்பு. வந்ததும் கண்ணாடி முன் நின்று மூன்று தடவை சடையை அவிழ்த்துப் பின்னினாள். அம்மா என்னவென்று கேட்டதற்கு, “ஒண்ணுமில்ல, போம்மா” என்று வெடுக்கென்று சொன்னாள். இரண்டு நிமிடம் கழித்து அதே அம்மாவின் மடியில் தலைவைத்துப் படுத்துக்கொண்டாள்.

“பாருங்க கூத்த. சித்த நேரம் கொஞ்சறா, சித்த நேரம் கொதிக்கறா. ஒரு எடத்துல நிக்கறாளா?” என்றவர், ஃபேன் காற்றில் அலைந்துகொண்டிருந்த முடிச்சுப் போடாத முந்தானை நூலைக் காட்டி, “இதுவும் ஒண்ணு, இவளும் ஒண்ணு. நூலாடி!” என்றார்.

“அக்கா, இப்போ என்ன சொன்னீங்க?” என்று கேட்டேன்.

“என்ன சொன்னேன்? வைதேனுங்க” என்றார்.

நான் ஓடிப்போய் எழுதிக்கொண்டேன். அவருக்கு அது ஒரு பெரிய விஷயமாகவே தெரியவில்லை. ஆனால் மறுநாள் நான் தாள்களோடு வந்து உட்கார்ந்ததும், “அந்த நூலாடி இன்னைக்கு என்ன பண்ணுனா?” என்று அண்ணி கேட்டார். ஒருவர்கூட அர்த்தம் கேட்கவில்லை. நாவலின் நாயகிக்கு அன்றிலிருந்து அதுதான் பெயர். அவள் சினேகிதி ஊரைவிட்டுப் போனபோது நூலாடிக்காக இரண்டு பேர் அழுதார்கள். கடைக்கு வரும் ஒரு பையன் அவளைப் பார்த்துச் சிரித்தபோது, “ஆகாது, அவன் மூஞ்சியே செரியில்ல” என்று ஒருமனதாகத் தீர்மானம் ஆனது.

இப்படியே ஐந்தாம் அத்தியாயம் வந்தது. ஊர்ப் பொது நீச்சல் குளத்தில், உடைமாற்றும் அறையில், நூலாடி பெரியவளாகிறாள். யாரிடமும் சொல்லவில்லை. நீச்சலுடையைத் தானே குழாயடியில் அலசுகிறாள். வீட்டுக்கு வருகிறாள். அம்மா கடையில் மும்முரமாக இருக்கிறாள். சமையலறையில் நின்றபடியே ஒரு துண்டு தர்ப்பூசணியைத் தின்று, விதைகளை எண்ணித் தட்டின் ஓரத்தில் வரிசையாக வைக்கிறாள். அத்தியாயம் முடிகிறது. எனக்கு மிகப் பிடித்த இடம் அது. அந்த அமைதிதான் அதன் அழகு என்று நினைத்திருந்தேன்.

படித்து முடித்ததும் குஞ்சம் கட்டிய கைகள் எல்லாம் நின்றன. ஆகா, அழகு புரிந்துவிட்டது என்று எண்ணினேன்.

“அவ்வளவுதானுங்களா?” என்றார் மூக்குத்தி அக்கா.

“அவ்வளவுதான்.”

“அத்தைகாரி வரல? தண்ணி ஊத்தல? ஒரு வாய் களி கெடையாது?” அவர் குரல் ஏறிக்கொண்டே போனது. “ஏனுங்க, தர்ப்பூசணியா? குளிர்ச்சிங்க அது! அன்னைக்குப் போயி ஆராவது தர்ப்பூசணி திம்பாங்களா? அவங்கம்மாளுக்கு எடுத்துச் சொல்ல ஒரு நாதியில்லையா?”

அந்த நாட்டில் அப்படி வழக்கமில்லை, தனியாக இருப்பதுதான் இங்கே கதையே என்று நான் விளக்கினேன். ஸ்பானிய இலக்கியத்தில் மௌனம் பற்றிக்கூட ஏதோ சொன்னதாக ஞாபகம். எல்லோரும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, நான் பேசவே இல்லை என்பதுபோல் அண்ணியைப் பார்த்தார்கள்.

“வெள்ளிக்கெழமை நாள் நல்லாருக்குது. காத்தால பத்தரைக்குள்ள முடிச்சுக்கலாம்” என்றார் அண்ணி.

விளையாட்டு என்று நினைத்தேன். இல்லை. “அவளுக்கு மாமன் ஊடு வேணுமே” என்று ஒருவர் கேட்க, “நாமதான் மாமன் ஊடு. வேற ஆரு இருக்கறாங்க அந்தப் புள்ளைக்கு?” என்று மூக்குத்தி அக்கா முடித்துவிட்டார். யார் தேங்காய், யார் பூ, யார் களி கிண்டுவது எல்லாம் பேசியாயிற்று. கடைசியில் ஒரு சிக்கல் வந்தது. பெண் இல்லாமல் வெறும் மணைக்கு எப்படிச் சீர் செய்வது? அவளுக்குப் பதிலாக ஓர் ஆள் உட்காரவேண்டும். எட்டாம் வகுப்புக்காரி, “நான் உக்காரட்டுமா?” என்று குதித்தாள். இன்னும் காலம் வராத பிள்ளை உட்காரக்கூடாது என்று அவள் அம்மா தடுத்தார். மற்ற எல்லோருக்கும் அவரவர் வயதில் சீர் நடந்துவிட்டது. ஒருத்திக்கு இரண்டு தடவை செய்யக்கூடாது என்பது வழக்கம்.

“நடக்காத ஆளுக்கு எங்க போறது? ஊருக்குள்ள எல்லாத்துக்குந்தான் ஆயிருக்கும்” என்றார் அண்ணி.

“எனக்கு ஆகல” என்றேன்.

இருபத்தைந்து வருடமாக நான் யாரிடமும் சொல்லாத விஷயம் அது. கணவருக்குக்கூடத் தெரியாது. சொல்ல என்ன இருக்கிறது என்று விட்டிருந்தேன். ஒன்பதாம் வகுப்பு, விடுதிப் பள்ளி. காலாண்டுப் பரீட்சைக்கு நான்கு நாள் இருந்தது. வார்டன் ஒரு பொட்டலத்தைக் கையில் கொடுத்து, ‘ஸ்டடி ஹவருக்கு லேட் பண்ணாதே’ என்றார். நான் போய் உட்கார்ந்து இயற்பியல் படித்தேன். வீட்டுக்குத் தகவல் போனது. எங்கள் தாய்மாமன் அன்றைக்கே கிளம்பத் தயாராக இருந்தாராம். ‘பரீட்சை முடியட்டும்’ என்று அப்பா சொல்லிவிட்டார். காலாண்டு முடிந்தது, அரையாண்டு வந்தது. பத்தாம் வகுப்பு வந்தது, பன்னிரண்டு வந்தது. பரீட்சை முடியவே இல்லை. பிறகு நானே, அதெல்லாம் பத்தாம்பசலித்தனம், நல்லவேளை எனக்குச் செய்யவில்லை என்று பேசக் கற்றுக்கொண்டேன். முச்சந்தியில் ஃப்ளெக்ஸ் வைப்பது இன்றைக்கும் எனக்குப் பிடிக்காது, எதிர்த்து எழுதியும் இருக்கிறேன். ஆனால் அன்று யாராவது ஒருவர் வந்து பக்கத்தில் உட்கார்ந்திருக்கலாம். அந்த வருத்தம் எனக்குள் இருந்திருக்கிறது, எனக்கே தெரியவில்லை.

அண்ணி கையில் இருந்த சேலையைக் கீழே வைத்தார். “முப்பத்தொம்போது வயசுல ஒரு நூலாடி” என்றார். சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் இரண்டையும் செய்தேன்.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு என்னைக் கிழக்கே பார்த்து மணையில் உட்காரவைத்தார்கள். தறிகளைக் கணவர் அரைமணி நேரம் நிறுத்திவைத்தார். என் மடியில் அச்சடித்த ஸ்பானியப் புத்தகம், சீர் அவளுக்கு என்பதால். மூக்குத்தி அக்கா என் கன்னத்தில் ஒரு தடவை சந்தனம் பூசினார், புத்தக அட்டையில் ஒரு தடவை. புத்தகத்துக்கும் பொட்டு வைத்தார்கள். எட்டாம் வகுப்புக்காரி எனக்கு வளையல் போட்டுவிட்டாள், கைக்குப் போதவில்லை.

அப்போது வாசலில் ஒரு முட்டை வண்டி வந்து நின்றது. இறங்கியது என் தாய்மாமன். அண்ணி எனக்குத் தெரியாமல் நாமக்கல்லுக்குப் போன் போட்டிருக்கிறார். எழுபது வயதை நெருங்கிய மனிதர், ஒரு கையில் முப்பது முட்டை அடுக்கிய அட்டை, மறு கையில் ஜவுளிக்கடைப் பை. முட்டையும் நல்லெண்ணெயும் கொடுப்பது வழக்கம் என்பதால், இருப்பதிலேயே பெரிய முட்டையாகப் பொறுக்கி எடுத்து வந்திருந்தார். பையைப் பிரித்து அண்ணி உள்ளே இருந்ததை வெளியே எடுத்தார். அரக்குப் பாவாடை, பச்சைத் தாவணி. சின்னப் பிள்ளைக்கான அளவு.

கூடமே என்னைப் பார்த்தது, பிறகு பாவாடையைப் பார்த்தது.

“கடைக்காரன் வயசு என்னன்னு கேட்டான். பதிமூணுன்னுட்டேன்” என்றார் மாமா, திருதிருவென்று விழித்து. “போன்ல அப்புடித்தான சொன்னாங்க, ஏதோ பதிமூணு வயசுப் புள்ளைன்னு. எனக்கு என்னமோ நீதான் கண்ணுக்குள்ள வந்து நின்ன, சாமி.”

சிரித்து முடிக்கவே நெடுநேரம் ஆயிற்று. கடைசியில் மாமா தாவணியை என் தோளில் துண்டுபோலப் போர்த்திவிட்டு, பாவாடையை மடித்துப் புத்தகத்தின் மேல் வைத்தார். “அன்னைக்கே வந்திருக்கோணும். உங்கப்பன் பேச்சக் கேட்டுட்டு நின்னுட்டேன்” என்றார் மெதுவாக. அதற்குப் பிறகு நான் அழுதேன், நன்றாக அழுதேன். மூக்குத்தி அக்கா களியை உருட்டி, நடுவில் குழித்து எண்ணெய் ஊற்றி, வாயில் ஊட்டினார். தொண்டையில் வழுக்கிக்கொண்டு போன அந்தக் களியைப்போல ருசியான பண்டம் நான் தின்றதில்லை.

மத்தியானம் உட்கார்ந்து ஐந்தாம் அத்தியாயத்தை முதலிலிருந்து எழுதினேன். மூன்று மணி நேரத்தில் முடிந்தது. ஒரு தடவைகூட அகராதியைத் திறக்கவில்லை. நூலாடி குழாயடியில் நின்றாள், வீட்டுக்கு நடந்தாள், தர்ப்பூசணி தின்றாள். குளிர்ச்சி என்று தெரிந்தும் நான் அதை மாற்றவில்லை. சந்தனம் காயாத கையோடு அனுப்பிவைத்தேன்.

திங்கட்கிழமை பதினொரு மணிக்குப் போன் வந்தது. கூடத்தில் எல்லோரும் இருந்தார்கள். ஸ்பீக்கரில் போடச் சொல்லி அண்ணி சைகை காட்டினார்.

“ஒண்ணு கேக்கணும்” என்றார் பதிப்பாசிரியர். “இந்த அத்தியாயத்துல அவ தனியா இருக்கற மாதிரியே தெரியலையே. சுத்தி யாரோ இருந்து பாத்துக்கிட்டே இருக்கற மாதிரி இருக்கு. மூலத்துல இல்லாத எதையாவது சேர்த்தீங்களா?”

“ஒரு வார்த்தை சேர்க்கலைங்க. வரிக்கு வரி பார்த்துக்கலாம்.”

“பார்த்தேன். அதான் கேக்கறேன்.” தாள் புரட்டும் சத்தம் கேட்டது. “நூலாடிங்கறது எங்க வழக்கம்? எந்த அகராதியிலயும் கிடைக்கல.”

“ஆருங்க அது அகராதியில தேடறது?” என்று மூக்குத்தி அக்கா தூரத்திலிருந்து கத்தினார். அந்தப் பக்கம் பதிப்பாசிரியர் சிரிப்பது கேட்டது. சொல் இருக்கட்டும், மீதி அத்தியாயங்களை மார்கழிக்குள் அனுப்புங்கள், புத்தகம் உங்களுடையதுதான் என்றார். கூடத்தில் ஒரு கூச்சல் எழுந்தது, தறிச் சத்தத்தையும் மீறி.

போனை வைக்கும் முன் அவர் இன்னொன்றும் கேட்டார். நன்றி சொல்லும் பக்கத்துக்கு யார் யார் பெயர் வேண்டும், இப்போதே யோசித்து வையுங்கள் என்றார். நான் வட்டத்தைப் பார்த்தேன். எட்டுப் பேர் பெயரையும் எழுதிக்கொள்ளப் பேனாவை எடுத்தேன்.

“எங்க பேரெல்லாம் எதுக்குங்க?” என்றார் மூக்குத்தி அக்கா, முறுக்கிய இழையைப் பல்லில் கடித்துக்கொண்டு. “சீர்ப் பத்திரிகையில எப்புடிப் போடுவாங்களோ அப்புடியே போடுங்க.”

பங்குனியில் புத்தகம் அச்சாகி வந்தது. முதல் பிரதியைப் பாவாடைக்குப் பக்கத்தில் பீரோவில் வைத்திருக்கிறேன். நன்றிப் பக்கத்தில் ஒரே ஒரு வரிதான்.

தங்கள் நல்வரவை அன்புடன் எதிர்பார்க்கும் தாய்மாமன் வீட்டார், இளம்பிள்ளை.